பழுதாகாத கார்

கனகலிங்கம் தன் காரைக் கெல்சென்கிர்ச்சன் நகரின் ஹோர்ஸ்ட் பகுதியில், வாடகைத் தோட்டங்களுக்குப் பின்னால் இருந்த ஒடுக்கமான தெருவில் கொண்டுபோய் நிறுத்தினார். இறங்குவதற்கு முன் இரண்டு பக்கக் கண்ணாடிகளிலும் பார்த்தார். ஒரு ஜேர்மன் கிழவி நாயோடு போனாள். தமிழ் முகம் ஒன்றும் இல்லை. மரக்கறிப் பைகளை எடுத்துக்கொண்டு இறங்கி, கதவைச் சத்தம் கேட்காமல் சாத்தினார். சொந்தக் காரைக் களவெடுத்த கார் மாதிரி ஒளித்துவைக்க வேண்டிய நிலைமை கெல்சென்கிர்ச்சனில் வேறெந்தத் தமிழனுக்கும் வந்திருக்காது. பூட்டுகிற பொத்தானை அழுத்தியதும் கார் இரண்டு தரம் கண்ணைச் சிமிட்டியது. அந்த நக்கலுக்கு அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கிட்டத்தட்ட ஒரு வருடமாகவே அவருக்கு எதுவும் சரியாக வருவதில்லை. நேரத்துக்குச் சாப்பிட்டார், வேலைக்குப் போனார், வந்தார், படுத்தார். கறியில் உப்புக் கூடிவிட்டது என்பதைக்கூட மனைவி பிரபாலினிதான் சொல்ல வேண்டியிருந்தது.

பைகளோடு ட்ராமுக்கு நடந்தார். மழை பெய்யவுமில்லை, விடவுமில்லை. அந்தப் பக்கத்து மார்ச் மாதம் அப்படித்தான். இன்றைக்கு யோகம் வருகிறாள். அவருடைய ஒரே தங்கச்சி. பத்து மாதமாக அவரோடு பேசாமல் இருந்தவள், அண்ணனுடைய காரும் பழுதாகி நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டுத் தொலைபேசி எடுத்தாள். அவரை ஏற்றிக்கொண்டு போக இன்றைக்கு வருகிறாள். நின்றுவிட்டதாகச் சொல்லப்பட்ட கார்தான் இப்போது தோட்டங்களுக்குப் பின்னால், ஒரு குறையும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. கடைக்குப் போய்வர எடுத்தபோது முதல் திருப்பிலேயே இயங்கியது. எப்போதும் அப்படித்தான் இயங்கும்.

காரின் பெயர் இங்கே வேண்டாம். அதை வைத்திருக்கிறவர்கள் ஏற்கெனவே நொந்துபோய் இருக்கிறார்கள். ஏழு பேர் வசதியாக இருக்கக்கூடிய, உயரமான, சாம்பல் நிறக் குடும்பக் கார் என்று தெரிந்தால் போதும். கனகலிங்கத்துக்குக் காரைப் பற்றித் தெரியும் என்பது கெல்சென்கிர்ச்சனிலிருந்து பக்கத்து நகரமான எசன் வரைக்கும் எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம். அதற்கு ஆதாரம், அகதியாக வந்த புதிதில் அவர் கொஞ்சக் காலம் கார் கழுவுகிற இடத்தில் வேலை செய்தது. பிறகு ஒரு பண்டசாலையில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டப் போய், இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார். ஆனாலும் அத்தனை காரைத் தேய்த்துத் துடைத்தவனுக்குக் காரைப் பற்றித் தெரியாமல் இருக்குமா என்பது எங்கள் ஆட்களின் நியாயம். எந்தக் காரின் கால்விரிப்பு சுலபமாகக் கழரும், எந்தக் காரின் கூரை இடுக்கில் இலை சிக்கும் என்பதெல்லாம் அவருக்கு உண்மையாகவே தெரியும். எஞ்சின் மூடியைத் திறந்தால் மற்றவர்களைப் போலத்தான் அவரும், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பார். கொஞ்சம் கூடுதலாகத் தலையை ஆட்டுவார். அது எல்லோருக்கும் போதுமாக இருந்தது.

ஜேர்மன்காரன் கார் வாங்க வெளிக்கிட்டால் ஒரு மாதம் கணினிக்கு முன்னால் குந்தியிருந்து, யாருடைய கார் எத்தனை ஆயிரம் கிலோமீற்றரில் எங்கே உடைந்தது என்று வாசிப்பான். எங்கள் ஆட்கள் தொலைபேசி எடுத்து, "அண்ணை, உங்கட கார் எப்பிடி?" என்று கேட்பார்கள். "கல்லு மாதிரி" என்பார் கனகலிங்கம். ஆராய்ச்சி அதோடு முடிந்துவிடும். முதலில் யோகமும் அவள் கணவர் சீனிவாசனும் அதே காரை வாங்கினார்கள். பிறகு எசனில் இருக்கிற பிருந்தன். பிறகு இன்னும் இரண்டு வீடு. நிறத்தில்கூட ஒருவரும் துணிந்து வேறு கேட்கவில்லை. ஹாம் நகரத்துத் தமிழ்க் கோயில் வாசலில் ஒவ்வொரு காருக்கும் நாலு சில்லுக்குக் கீழேயும் எலுமிச்சம்பழம் வைத்து நசித்து, தேங்காய் உடைத்து, சந்தனம் பூசி, ஐந்து காரையும் வரிசையில் விட்டுப் படமும் எடுத்தார்கள். ஒரு தேர்த் திருவிழாவில் பிருந்தனின் மாமியார் தன் மருமகனின் கார் என்று நினைத்து வேறொருவரின் காரில் ஏறி, பின்சீற்றில் நித்திரையாகி, டோர்ட்முண்ட் நகரம் வரைக்கும் போய்விட்டார். அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்காத கொண்டாட்டம் அந்த நாட்களில் இல்லை.

பிறகு கார்கள் ஒவ்வொன்றாகப் படுக்கத் தொடங்கின. எஞ்சினுக்குள் எண்ணெயில் நனைந்தபடியே சுற்றுகிற ஒரு பெல்ற். அது நாள்பட உதிர்கிறது. உதிர்ந்த துகள் போய் எண்ணெய் உறிஞ்சுகிற வாயை அடைத்துவிடுகிறது. முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அதைக் கண்டு ஓரம் கட்டாமல் கொஞ்சத் தூரம் ஓடிவிட்டால் எஞ்சினை மறந்துவிட வேண்டியதுதான். பிருந்தனின் கார் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளோடு நின்றது. இன்னொன்று மணப்பெண்ணை ஏற்றிக்கொண்டு போகையில் நின்றது. கனகலிங்கத்தின் கார் மட்டும் நிற்கவில்லை. அதில் மாயம் ஒன்றும் இல்லை. அவர் வாங்கியதற்கு அடுத்த வருடம் கொம்பனி எஞ்சினை மாற்றிவிட்டது. வெளியே அதே உடுப்பு, உள்ளே வேறு ஆள். அவருடையதில் பெல்ற்றுக்குப் பதிலாகச் சங்கிலி. கராஜ்காரன் அவருக்கு இதை வடிவாக விளங்கப்படுத்தினான். ஆனால் இதை யாரிடம் போய்ச் சொல்வது? நல்லதைத் தான் எடுத்துக்கொண்டு மற்றவர்களின் தலையில் கூடாததைக் கட்டிவிட்டார் என்று ஏற்கெனவே ஒரு கதை உலாவியது. எஞ்சின் வேறு என்று சொன்னால், பார்த்தீர்களா, அவருக்கு முதலே தெரிந்திருக்கிறது என்பார்கள். அவர் பேசாமல் இருந்துவிட்டார்.

இதையெல்லாம்கூடச் சனம் மறந்திருக்கும். காரால் உண்டான கோபம் எத்தனை நாளைக்கு? யோகத்தின் கார் நின்ற நேரம்தான் மோசமான நேரம்.

போன வருடம் சித்திரையில் ஊரில் அம்மா செத்துப்போனார். வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்துசேரும்வரை உடலை, பிரேதம் பாதுகாக்கிற மலர்ச்சாலையில் வைத்திருப்பது இப்போது எங்கள் பக்கத்து வழக்கம். இரண்டு நாள், மூன்று நாள், சில வீடுகளில் ஒரு கிழமைகூட வைத்திருப்பார்கள். கனகலிங்கமும் யோகமும் ஒரே விமானத்துக்கு ரிக்கெற் போட்டார்கள். போகிறவர்கள் இரண்டே பேர். ஏழு பேர் இருக்கிற கார்கள் இரண்டு. ஒரு காரில் போவோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. யோகத்தைச் சீனிவாசன் பிராங்க்பேர்ட் வரை கொண்டுபோய் விடுவது, கனகலிங்கம் தன் காரைத் தானே ஓட்டிப்போய் விமான நிலையத்தில் விடுவது என்று, யாரும் கதைக்காமலே முடிவாகியது. அவரவருக்கு அவரவர் கார். கனகலிங்கம் வழியில் லிம்பேர்க் ஊரைத் தாண்டும்போது தொலைபேசி அடித்தது. "கார் நிண்டுட்டுது அத்தான்," என்றார் சீனிவாசன். "நீங்கள் நிக்காதேங்கோ. நாங்கள் டாக்சி பிடிச்சு வாறம்." கனகலிங்கம் நிற்கவில்லை. திரும்பிப் போய் அவளை ஏற்றிக்கொண்டு வந்திருக்க நேரம் இருந்ததா இல்லையா என்பதைப் பிறகு எத்தனையோ தரம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறார். ஒரு தரம் இருந்தது, ஒரு தரம் இருக்கவில்லை. டாக்சி போய்ச் சேர்ந்தபோது விமானத்தின் கதவு சாத்தியாகிவிட்டது. யோகத்துக்கு அடுத்த நாள்தான் இடம் கிடைத்தது.

அவர் போய் இறங்கியபோது அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்து விறாந்தையில் கிடத்தியிருந்தார்கள். ஐயர் வந்திருந்தார், மேளம் வந்திருந்தது, விறகுக்குச் சொல்லியிருந்தார்கள். சின்ன மாமா கிட்ட வந்து மெல்லிய குரலில் கேட்டார்: "தம்பி, தங்கச்சி நாளைக்கு வந்திடுவாள் எல்லோ. வைச்சிருப்பமோ, எடுப்பமோ?" அவர் வைச்சிருங்கோ என்றால் வைத்திருப்பார்கள், மாமா கேட்டதே அதற்காகத்தான். எங்கள் ஊரில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. வீட்டில் வைத்துப் பார்க்கிற முகம்தான் அவர்களுக்குக் கடைசி முகம். இதெல்லாம் கனகலிங்கத்துக்குத் தெரியாதா? தெரியும். "எடுங்கோ," என்றார். தேத்தண்ணி வேணுமோ என்று யாரோ கேட்க, வேண்டாம் என்று சொல்வதுபோல வாய் அதைச் சொல்லிவிட்டது. பின்னேரம் கொள்ளி வைத்தார். மறுநாள் யோகம் வந்தபோது வீடு கழுவியாகிவிட்டது. தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல், ஈரம் காயாத விறாந்தையில் அவள் கனநேரம் நின்றாள். அழவில்லை, ஏசவுமில்லை. அவளைப் பார்த்துக்கொண்டு நின்ற கனகலிங்கத்துக்கும் ஒன்றும் வரவில்லை. மூத்தவன் நல்ல திடமான ஆள் என்று சனம் கதைத்தது.

ஜேர்மனிக்குத் திரும்பி, எல்லாச் சடங்கும் முடிந்த பிறகுதான் யோகம் தொலைபேசி எடுத்துச் சொன்னாள். "நீங்கள் சொல்லித்தானே அண்ணை அந்தக் காரை வாங்கினனாங்கள்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேசவில்லை. அம்மாவைப் பற்றியோ, ஒரு நாள் வைத்திருக்காததைப் பற்றியோ அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இவருக்கு அழுகையோ கோபமோ ஏதாவது வந்திருக்கும். ஊர்ச்சனமும் காரையே பிடித்துக்கொண்டது. அண்ணன் வாங்கச் சொன்ன காரால் தங்கச்சி தாயின் முகம் பார்க்கவில்லை என்று சொன்னால் எல்லோருக்கும் சுலபமாக விளங்கியது.

இனி அந்தப் பொய். இரண்டு கிழமைக்கு முந்தி எசனில் ஒரு பெண்பிள்ளை பெரியவளானதற்குச் சாமத்தியவீடு. சாப்பாட்டு மேசையில் பிருந்தன் தட்டோடு வந்து பக்கத்தில் இருந்து, "என்ன அண்ணை, உங்கட மட்டும் இன்னும் கல்லு மாதிரியோ?" என்றான். மேசையில் இருந்த மற்றவர்கள் தங்கள் தட்டுகளைப் பார்த்தார்கள். "இல்லை," என்றார் கனகலிங்கம். "போன கிழமை நிண்டுட்டுது." சொன்ன கையோடு மேசைக்கு உயிர் வந்தது. ஒருவர் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார். எந்தக் கராஜ், என்ன சொல்கிறான், விளக்கு முதலே எரிந்ததா என்று கேட்டார்கள். பிருந்தன் எழுந்து போய் அவருக்கு இனிப்புக்கு வட்டிலப்பம் எடுத்துவந்து வைத்தான். ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் ஆட்களில் ஒருவரானார். மற்றவர்களின் வாயிலிருந்து பொறுக்கிய விபரங்களை வைத்து அவரும் தன் காரின் பழுதை நன்றாகவே விவரித்தார். அன்றைக்குத் திரும்பும்போது காரை வீட்டு வாசலில் விட முடியாது என்பது நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து கார் ஹோர்ஸ்டில் நிற்கிறது.

இந்தப் புதன்கிழமை யோகம் தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணை, உங்கட காரும் நிண்டுட்டுதாம்?"

"ஓம்."

"அந்த பெல்ற்றோ?"

"ஓம், அதுதான் எண்டு சொல்லுறான். கராஜில ரெர்மின் இல்லையாம், நாள் தாறான் இல்லை."

பிறகு, "அம்மான்ர ஆட்டைத் திவசம் வருகுதெல்லோ," என்றாள். "ஹாமுக்குப் போய் ஐயரோட கதைக்கோணும். சனிக்கிழமை நான் வந்து உங்களை ஏத்துறன்."

தொலைபேசியை வைத்த பிறகும் கனகலிங்கம் யன்னலடியிலேயே நின்றார். வருடம் முடிகையில் வருகிற அந்த ஆட்டைத் திவசத்தன்று யோகம் தன் வீட்டுக்குள் வந்து, அம்மாவின் படத்துக்கு முன்னால் தன் பக்கத்தில் இருக்க வேண்டும். இத்தனை மாதத்தில் வேண்டும் என்று அவருக்குத் தோன்றிய ஒரே விஷயம் அதுதான். கார் ஓடுகிறது, சொன்னது பொய் என்று தெரிந்தால் வரமாட்டாள். இனி ஒருநாளும் வரமாட்டாள். அதனால் காரைத் திவசம் முடியும்வரை ஒளித்துவைப்பது என்று முடிவெடுத்தார்.

பைகளோடு வீட்டுக்கு ஏறியபோது பிரபாலினி குசினியில் நின்றாள். பைகளை வாங்கி மேசையில் வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். "கார் வைச்சிருக்கிற மனுசன் ட்ராமில கத்தரிக்காய் காவுறார். உந்தக் கூத்து எத்தினை நாளைக்கு?"

"திவசம் மட்டும்."

"அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகு திருத்தியாச்செண்டு சொல்லுவன்."

"பழுதாகாத காரைத் திருத்தின முதல் ஆள் நீங்கள்தான்," என்றாள் பிரபாலினி. அவள் சிரித்துவிடுவாள் போல இருந்தது. ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்ததும் திரும்பி நின்று கத்தரிக்காயைக் கழுவத் தொடங்கினாள்.

கீழே ஹோர்ன் சத்தம் கேட்டது. யோகம் மேலே வரவில்லை. கனகலிங்கம் இறங்கிப் போய் முன்சீற்றில் ஏறினார். "சுகமோ?" என்றார். "இருக்கிறம்," என்றாள். தலைமயிர் முன்பக்கம் நன்றாக நரைத்துவிட்டது. போன வருடம் அவ்வளவு இருக்கவில்லை. முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து அப்படியே வந்திருந்தாள். கையில் அந்தக் கிருமிநாசினி மணம் இருந்தது. கார் அச்சொட்டாக அவருடைய கார்தான். அதே சீற்றுத் துணி, அதே பொத்தான்கள், அவருடையதில் கீறல் விழுந்த இடத்தில் இதில் மட்டும் கீறல் இல்லை. இப்படியொரு காரில், ஓட்டாத பக்கத்தில் அவர் ஒருநாளும் இருந்ததில்லை. தன் காரில் யாரோ தன்னை ஏற்றிக்கொண்டு போவதுபோல அவருக்குப் பட்டது.

நெடுஞ்சாலையான ஓட்டோபானில் ஏறிய பிறகு யோகம் வீட்டு விபரம் சொன்னாள். சீனிவாசனுக்கு இன்றைக்கும் வேலை. மகன் வினோஜன் வேலை மாறிவிட்டான். காரை இரண்டு தரம் திருத்தியாகிவிட்டது. இனி ஒன்றும் வராது என்று கராஜில் சத்தியம் பண்ணாத குறை. யோகம் நன்றாக ஓட்டினாள். ஆனால் தெருவைப் பார்க்கிற நேரத்தில் பாதியை அந்தச் சிவப்பு விளக்கு எரிகிற இடத்தைப் பார்ப்பதற்கு வைத்திருந்தாள். அதைக் கண்ட கனகலிங்கமும் அந்த இடத்தையே பார்க்கத் தொடங்கினார். ஐயருக்கு என்ன கொடுக்கிறது, எத்தனை பேருக்குச் சமைக்கிறது என்று கேட்டாள். சொன்னார். "அண்ணிக்குத் தனிய ஏலாது. முதல்நாளே நான் வந்து நிண்டு சமைக்கிறன்," என்றாள். அந்தச் சொல் கேட்ட பிறகு கனகலிங்கத்துக்கு மூச்சு கொஞ்சம் தாராளமாக வந்தது. முதல்நாளே வருவாள். இன்னும் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.

ஹாமுக்குப் போகிற வழியில், காமன் என்ற ஊருக்குக் கிட்ட அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தது.

"வந்திட்டார்," என்றாள் யோகம், நெடுநாள் பழகிய ஒரு விருந்தாளியைச் சொல்வதுபோல. பதறவில்லை. சமிக்ஞை போட்டு, லொறிகளுக்கு இடையில் இடம் பார்த்து, ஓரத்துக்குக் கொண்டுவந்து, எஞ்சினை நிறுத்தினாள். பின்னால் போய் எச்சரிக்கை முக்கோணத்தை எடுத்துக்கொண்டு தூரத்தில் வைத்துவிட்டு நடந்து வந்தாள். மஞ்சள் பாதுகாப்புச் சட்டை இரண்டு எடுத்து ஒன்றை அவரிடம் நீட்டினாள். தகரத் தடுப்பைத் தாண்டும்போது அவருக்குக் கை கொடுத்தாள். பிறகு கார் இழுக்கிறவர்களுக்குத் தொலைபேசி எடுத்து, எந்தப் பாதை, எத்தனையாவது கிலோமீற்றர், எந்தத் திசை என்று ஜேர்மன் மொழியில் ஒரு சொல் தடுமாறாமல் சொன்னாள். வந்த காலத்தில் டொக்டரிடம் போகக்கூட அண்ணன் மொழிபெயர்க்க வேண்டியிருந்தவள். "வர முக்கால் மணித்தியாலமாம்," என்றாள். "இந்தக் கார் எனக்கு நல்லா டொச் படிப்பிச்சிட்டுது."

இருவரும் தடுப்புக்கு அப்பால், சரிவில், ஈரப் புல்லில் நின்றார்கள். ஒவ்வொரு லொறி போகும்போதும் காற்று வந்து சட்டையை இழுத்தது. கனகலிங்கம் நின்றுபோன காரைப் பார்த்தார். இதே மாதிரி ஒரு சரிவில்தான் அவள் அன்றைக்கும் நின்றிருப்பாள், டாக்சியைப் பார்த்துக்கொண்டு. அதைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"என்ர கார் நிண்டதும் இப்பிடித்தான்," என்றார். "லைற் எரிஞ்சு கொஞ்ச நேரத்திலயே..."

"அண்ணை," என்றாள் யோகம். "உங்கட காருக்கு ஒண்டும் இல்லை எண்டு எனக்குத் தெரியும்."

ஒரு லொறி போனது. அது போய் முடியும்வரை காத்திருந்தாள்.

"வினோஜன் ஹோர்ஸ்டில கண்டவன். பையோட இறங்கி, அங்காலயும் இஞ்சாலயும் பாத்துப்போட்டு நடந்து போனியளாம். வீட்ட வந்து சொல்லிச் சிரிச்சவன்."

"எப்ப?"

"நான் உங்களுக்கு ரெலிபோன் எடுக்கிறதுக்கு முதல்நாள்."

கனகலிங்கம் அவளைப் பார்த்தார். "தெரிஞ்சுகொண்டோ எடுத்தனி?"

"ஓம்." அவள் காரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்கள் பொய் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஓடுற காரை நிண்டுட்டுது எண்டு சொல்லிப்போட்டு, ட்ராமில திரியிறார் எண்டால்... எனக்குப் பயம் வந்திட்டுது, அண்ணை."

அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்று தெளிவாக இனம்தெரிந்தது. கனகாலத்துக்குப் பிறகு வந்த ஒன்று. அதை மற்றவர்கள் எப்படி முகத்தில் வைத்துக்கொள்வார்களோ தெரியவில்லை, அவர் குனிந்து சப்பாத்தைப் பார்த்தார்.

"மாமா கேக்க, நீங்கள்தான் எடுங்கோ எண்டனீங்களாம்," என்றாள் யோகம்.

"ஓம்."

"ஏன்?"

"தெரியாது, யோகம்."

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் எதையாவது ஒளித்து வைத்திருக்கிறாரா என்று தேடினாள். கார் விஷயத்தில் சொன்ன பொய்யையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாள் என்று அவருக்கு விளங்கியது. பிறகு தலையை ஆட்டினாள். நம்பினாள் போலத்தான் இருந்தது. நம்பியது அவளுக்கு ஆறுதலா, இன்னும் கஷ்டமா என்று அவருக்குத் தெரியவில்லை.

"அம்மான்ர முகம் எப்பிடி இருந்தது?"

இதற்கு எல்லோரும் சொல்கிற பதில் ஒன்று இருக்கிறது. எந்தச் செத்தவீட்டிலும் யாரும் யாருக்கும் சொல்லலாம், பிழையாகாது. கனகலிங்கமும் வாயைத் திறந்தார். "நித்திரை..." என்று தொடங்கினார். இவளுக்கு இன்னொரு பொய் சொல்ல ஏலாது என்று தோன்றியது. அம்மாவின் முகத்தை நினைவில் தேடினார். மேளக்காரனின் மணிக்கூடு நினைவிருந்தது. பந்தல் காலில் சுற்றியிருந்த வெள்ளைத் துணி நினைவிருந்தது. ஐயர் கையில் தந்த தண்ணீரின் குளிர் நினைவிருந்தது. கொள்ளி வைக்கும்போது முதுகைக் காட்டிக்கொண்டு வை, திரும்பிப் பார்க்காதே என்றார்கள், அப்படியே செய்தார். ஆனால் அதற்கு முதல் எத்தனை மணித்தியாலம் அம்மாவுக்குக் கிட்ட நின்றார்.

"நான் பாக்கேல்லை," என்றார்.

"என்ன?"

"நான் அம்மான்ர முகத்தைப் பாக்கேல்லை, யோகம்."

"வாய்க்கரிசி போட்டனீங்கள்தானே?"

"போட்டனான். என்ர விரலைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்த வேண்டும் என்று அவருக்கு ஆசையாகவே இருந்தது. பறந்தடித்துப்போய், ஒரு நாள்கூடக் காத்திருக்காமல், அங்கே நின்றும் பார்க்காமல் வந்த மனிதனைப் பார்த்துக் கத்தாமல் வேறு என்ன செய்வது? யோகம் கத்தவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பொத்திய கைக்குள்ளே அழுதாளா, சிரித்தாளா என்று லொறிச் சத்தத்தில் கேட்கவில்லை.

பிறகு தொலைபேசியை எடுத்தாள். தூறல் விழுந்த திரையைச் சட்டையில் துடைத்தாள். "செத்தவீட்டு வீடியோ எனக்கும் அனுப்பினவை," என்றாள். "நாலு மணித்தியாலம் ஓடுது. நான் இன்னும் பாக்கேல்லை. நீங்கள் வந்து எனக்குச் சொல்லுவியள் எண்டு முதல் பாக்காமல் இருந்தனான். பிறகு கோவத்தில பாக்கேல்லை." தொலைபேசியை அவர் பக்கம் நீட்டி, "கிட்ட வாங்கோ," என்றாள்.

கனகலிங்கம் கிட்டப் போனார். அவள் விரலால் படத்தைத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோனாள். கேற்றடி, செருப்புக் குவியல், கதிரைகளில் ஆம்பிளைகள், அழுகிற வாய்கள் எல்லாம் சத்தமில்லாமல் ஓடி மறைந்தன. ஒரு இடத்தில் விரலை எடுத்தாள். வீடியோக்காரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மாவின் தலைமாட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தான். வெள்ளைத் துணியின் கரை தெரிந்தது. பூவிதழ்கள் தெரிந்தன. அம்மாவின் நரைத்த தலைமயிர் கொஞ்சம் தெரிந்தது. அந்த நேரத்தில், குளித்த ஈரத்தோடு, வெறும் மேலோடு ஒரு ஆள் வந்து குறுக்கே நின்றான். தோள் சரிந்த, வயதான முதுகு. அது தன்னுடைய முதுகு என்று கனகலிங்கத்துக்குச் சுணங்கித்தான் பிடிபட்டது. முதுகு திரையை முழுவதும் மூடிக்கொண்டது. வீடியோக்காரன் இடப்பக்கம் சரிந்து பார்த்தான், வலப்பக்கம் சரிந்து பார்த்தான். அந்த ஆள் அசையாமல் நின்றான். நெடுநேரம் நின்றான்.

யோகம் திரையை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"விலத்துங்கோ, அண்ணை," என்றாள், திரைக்குள் நின்றவரைப் பார்த்து. "கொஞ்சம் விலத்துங்கோ."

திரையில் முதுகு அசையவில்லை. ஈரப் புல்லில், மஞ்சள் சட்டையோடு அவளுக்குப் பக்கத்தில் நின்ற கனகலிங்கம் ஓரடி விலகி நின்றார்.